அதிராப் பொறியின் நூற்றாண்டு

கொள்ளிடத்தின் வடகரையில், தா.பழூரைச் சூழ்ந்த வயல்களில் நீரிறைத்த பழைய ஆயில் என்ஜினைக் கண்டவர்கள் அதன் ஓசையோடு அதன் அதிர்வையும் அறிவார்கள். ஒரே உருளை, இருமருங்கும் கனத்த வார்ப்பிரும்புச் சக்கரங்கள், நிமிடத்திற்கு 650 சுற்று என்னும் மெதுவான ஓட்டம். சிமெண்டுத் தளத்தில் புதைத்த மரையாணிகளுள் ஒன்று தளர்ந்தாலும் பொறி இடம்பெயர முற்படும். டீசல் குழாயின் இணைப்பு நெகிழ்ந்து கசியும். நாளடைவில் தளத்தின் ஓரம் விரிசல் காணும். அந்தப் பொறி வலுக்குறைந்ததோ பழுதுற்றதோ அன்று. ஓர் உருளை கொண்ட எந்தப் பொறியும் தன்னைத்தானே உலுக்கிக்கொள்வது இயற்கை. அந்த இயற்கையை வெல்ல மாந்தர் நூறாண்டுக்கும் மேலாக உழைத்திருக்கிறார்கள். அவ்வுழைப்பின் வரலாறே பெருவிலை மகிழுந்துகளின் புகழ் வரலாறு.

சொகுசு மகிழுந்து என்றவுடன் பதனிட்ட தோலும் இழைத்த மரமும் பளபளக்கும் முகப்பும் நம் கண்முன் வருகின்றன. இவை எல்லாம் பொறியைச் சுற்றிப் பின்னர் வந்து சேர்ந்த அணிகள். முதன்முதலில் ஒரு மகிழுந்துக்கு உயர்ந்த பெயரை ஈட்டித் தந்தது, அது ஓடும்போது உள்ளே இருப்பவருக்கு உலுக்கல் தெரியாமல் இருந்ததே. செருமனியின் பவேரிய மாநிலத்து மியூனிக் நகரில் தோன்றி, இன்று செங்கல்பட்டை அடுத்த சிங்கப்பெருமாள் கோயில் அருகே மகிழுந்து பூட்டும் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் வரலாற்றை இந்தக் கண்கொண்டு பார்த்தால், விளம்பரங்கள் சொல்லாத பலவும் புலப்படும்.

முதலில் அறிவியலைக் காண்போம். பட்டறைகளில் பிஸ்டன் எனப்படும் உந்துதண்டு உருளைக்குள் மேலும் கீழும் ஓடுகிறது. மேலே ஓடியது உச்சியில் நின்று கீழே திரும்ப வேண்டும். கீழே ஓடியது அடியில் நின்று மேலே திரும்ப வேண்டும். எடையுள்ள எந்தப் பொருளும் தன் ஓட்டத்தை மாற்ற இசையாது. மாற்ற முற்படும் பொறியின் உடலை அது எதிர்த்துத் தள்ளும். நிமிடத்திற்கு 6,000 சுற்று ஓடும் மகிழுந்துப் பொறி ஒன்றில் உந்துதண்டின் ஓட்டநீளம் 90 மில்லிமீட்டர் எனக் கொண்டு கணக்கிட்டால், உச்சியில் அது திரும்பும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 2,000 மடங்கைக் கடக்கிறது. அரைக் கிலோ எடையுள்ள உந்துதண்டு அந்த ஒரு கணத்தில் ஒரு டன்னுக்கும் மேற்பட்ட விசையோடு பொறியை மேலே இழுக்கிறது. நொடிக்கு நூறு முறை இது நிகழ்கிறது. ஆயில் என்ஜின் இதனினும் மிக மெதுவாக ஓடுவதால்தான் தளத்தைப் பெயர்த்துக்கொண்டு போகாமல் நிற்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அடியில் திரும்பும் விசையும் உச்சியில் திரும்பும் விசையும் ஒன்றல்ல. உந்துதண்டையும் வணரித்தண்டையும், அதாவது கிராங்கையும், சேர்க்கும் இணைதண்டு சாய்ந்து சாய்ந்து நிமிர்வதால், உச்சியில் திரும்புவது வன்மையாகவும் அடியில் திரும்புவது மென்மையாகவும் நடக்கிறது. ஆகவே இரண்டு உந்துதண்டுகள் மேலே செல்லும்போது இரண்டு கீழே வரும் நான்கு உருளைப் பொறியிலும் கணக்கு நேராவதில்லை. முதல் விசை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உச்சிக்கும் அடிக்கும் உள்ள வேறுபாடு மட்டும் நான்கு உருளைகளிலும் ஒரே திசையில் சேர்ந்து, சுற்று வேகத்தைப் போல் இருமடங்கு அதிர்வெண்ணில் பொறியை உலுக்கும். மேலே சொன்ன அளவுகளை வைத்துப் பார்த்தால் அந்த எச்ச விசை ஏறத்தாழ ஒரு டன் வரும், நொடிக்கு 200 முறை. பேருந்தின் சன்னல் கண்ணாடி சில வேகங்களில் மட்டும் கடகடப்பதைக் கேட்டிருக்கிறோம். அத்தகைய நடுக்கத்தின் பிறப்பிடங்களுள் இவ்வெச்ச விசையும் ஒன்று.

ஆறு உருளைகளை ஒரே வரிசையில் நிறுத்தினால் இந்தக் கணக்கு அழகாகத் தீர்கிறது. வணரித்தண்டின் வளைவுகள் 120 பாகை இடைவெளியில் அமைகின்றன. முதலாவதும் ஆறாவதும் ஒன்றாக ஓடும். இரண்டாவதும் ஐந்தாவதும் ஒன்றாக ஓடும். மூன்றாவதும் நான்காவதும் ஒன்றாக ஓடும். மூன்று இணைகளின் விசைகளையும் கூட்டினால் விடை சுழி. இருமடங்கு அதிர்வெண்ணில் வரும் எச்சமும் சுழி. முன்பாதி பின்பாதிக்குக் கண்ணாடி உருவம்போல் இருப்பதால், பொறியை முன்னும் பின்னும் ஆட்டும் திருப்புத்திறனும் சுழி. தனியாக எந்தத் துணைத் தண்டும் வேண்டாமல், வடிவத்தின் சீர்மையாலேயே விசைகள் ஒன்றையொன்று உண்டு அடங்குகின்றன. இதனோடு, 120 பாகைக்கு ஒருமுறை ஓர் உருளையில் எரிபொருள் வெடிப்பதால் ஒன்றின் உந்தல் ஓயுமுன்னரே அடுத்ததன் உந்தல் தொடங்கிவிடுகிறது. விட்டுவிட்டு வரும் தள்ளல்கள் இழைந்து ஒரே ஒழுக்காகின்றன. பொறியியல் கற்போர் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்கும் நாள் அவர்கள் வாழ்வில் ஒரு நன்னாள் என்பேன். கணிதம் இவ்வளவு தூய்மையாக இரும்பில் இறங்கும் இடங்கள் அதிகமில்லை.

ஆனால் இரும்புக்குத் தனக்கென ஒரு குணம் உண்டு. ஆறு உருளைக்கு வணரித்தண்டு நீள வேண்டும். நீண்ட தண்டு ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுகும், மீளும். அந்த முறுக்கலின் இயல்பு அதிர்வெண்ணும் வெடிப்பின் அதிர்வெண்ணும் ஒத்துவிட்டால் தண்டு முறிந்தே போகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆறு உருளைப் பொறி செய்தோர் பலர் இந்த இடத்தில் தோற்றனர். இங்கிலாந்தின் ஹென்றி ராய்சும் தம் முதல் ஆறு உருளை வண்டியில் இவ்வல்லல் பட்டவர்தாம். அவர் 1906இல் கொணர்ந்த அடுத்த வண்டியில் வணரித்தண்டைப் பருமனாக்கினார். ஏழு இடங்களில் தாங்கி வைத்தார். உயவெண்ணெயை அழுத்தத்தோடு அத்தாங்கிகளுக்குச் செலுத்தினார். உருளைகளை மும்மூன்றாக இரு வார்ப்புகளில் அமைத்தார். பின்னாளில் உலகம் 'சில்வர் கோஸ்ட்' என்று கொண்டாடிய ரோல்ஸ் ராய்ஸ் அதுதான்.

அதன் புகழ் ஈட்டப்பட்ட முறை கருதத்தக்கது. 1907இல் அவ்வண்டி பலர் அறிய 15,000 மைல் ஓட்டப்பட்டது. இலண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே மீண்டும் மீண்டும் ஓடியது. ஓட்டத்தின் முடிவில் பொறி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து அளக்கப்பட்டது. தேய்மானத்தைச் சரிசெய்ய ஆன செலவு இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல். அடுத்த ஆண்டில் அதே வகை வண்டி ஒன்று நம் நாட்டில் பம்பாய்க்கும் கோலாப்பூருக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் ஆறினைக் கடந்து 620 மைல் சோதனை ஓட்டம் ஓடி வென்றது. 'கீழைநாட்டு முத்து' எனப் பெயர் சூட்டப்பட்ட அவ்வண்டியைக் குவாலியர் மன்னர் சிந்தியா வாங்கினார். இந்திய மன்னர்களின் மகிழுந்து மோகம் அங்கிருந்து வளர்ந்தது. மன்னர் வாங்கியதால் வண்டிக்குப் பெயர் வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். மலையேறிக் காட்டிய பின்னரே மன்னர் வாங்கினார் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பி.எம்.டபிள்யூவின் கதை தரையில் தொடங்கவில்லை, வானில் தொடங்குகிறது. 1916 மார்ச்சு 7 அந்நிறுவனம் தன் பிறந்தநாளாகக் கொள்ளும் நாள். பி.எம்.டபிள்யூ என்னும் பெயர் 1917இல் வந்தது. கார்ல் ராப் என்பார் மியூனிக்கில் நடத்திவந்த வானூர்திப் பொறித் தொழிற்சாலை பெயர் மாறி, பவேரிய இயந்திரத் தொழிற்சாலை ஆனது. ராப் செய்த பொறிகள் அதிர்வுக்குப் பெயர்பெற்றவை. வான்படையினர் அவற்றை விரும்பவில்லை. அங்கு வந்து சேர்ந்த மாக்ஸ் ஃபிரிட்ஸ் என்னும் பொறியாளர் வரைந்தது, ஆறு உருளைகள் ஒரே வரிசையில் நிற்கும் ஒரு பொறி. உயரே செல்லச் செல்லக் காற்று மெலிந்து பொறியின் வலு குன்றும். அதை ஈடுசெய்யும் எரிவளிக் கலப்பியையும் அவர் அமைத்தார். அவ்வழியில் வந்த அடுத்த பொறியைக் கொண்டு 1919 சூனில் சேனோ டீமர் என்னும் வானோடி 9,760 மீட்டர் உயரம் எட்டினார். எவரெஸ்ட்டின் உச்சியினும் உயரம் அது. அதிர்வால் இகழப்பட்ட ஒரு பட்டறை இரண்டே ஆண்டுகளில் அதிராமையால் புகழ்பெற்றது.

போரில் தோற்ற செருமனி வானூர்திப் பொறி செய்யக்கூடாது என வெர்சேல்சு உடன்படிக்கை தடுத்தது. அவ்வேலை அற்று நின்ற ஃபிரிட்ஸ் இருசக்கர வண்டிக்குத் திரும்பினார். 1923இல் வந்த ஆர் 32 என்னும் வண்டியில் இரு உருளைகள், வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக நேரெதிரே படுத்திருந்தன. இரு உந்துதண்டுகளும் ஒரே நேரத்தில் வெளியே ஓடும், ஒரே நேரத்தில் உள்ளே வரும். ஒன்றின் தள்ளலை மற்றொன்று அழிக்கும். 494 கன செண்டிமீட்டர், எட்டரைக் குதிரைத்திறன். சங்கிலி இல்லை, தண்டின் வழியே பின்சக்கரத்துக்கு உந்தல். வானூர்தியில் கண்ட அதே விடையை அவர் வேறொரு வடிவில் மீண்டும் கண்டார். நூறாண்டு கடந்தும் அந்நிறுவனம் அந்த வடிவத்தைக் கைவிடவில்லை.

மகிழுந்து அதன் பின்னர்தான் வந்தது. 1928இல் ஐசனாக் நகரத் தொழிற்சாலையை விலைக்கு வாங்கியபோது அதனுடன் வந்தது 'டிக்சி' என்னும் சிறு வண்டி. ஆங்கிலேயரின் ஆஸ்டின் செவன் வண்டியை உரிமம் பெற்று அங்கே செய்துகொண்டிருந்தார்கள். இன்று பெருஞ்செல்வரின் அடையாளமாகக் கருதப்படும் பெயர் முதன்முதலில் ஒட்டப்பட்ட மகிழுந்து, 750 கன செண்டிமீட்டரையும் எட்டாத ஓர் எளிய நான்கு உருளை வண்டி. 1933இல் 303 என்னும் வண்டியில்தான் ஆறு உருளைப் பொறி மகிழுந்துக்குள் இறங்கியது. இரட்டைச் சிறுநீரக வடிவ முகப்பும் அதில்தான் முதன்முதல் தோன்றியது. 1936இல் வந்த 328, இரண்டு லிட்டருக்குள் 80 குதிரைத்திறன் காட்டி ஓட்டப்பந்தயங்களை வென்றது. 1940இல் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்திலும் முதலிடம் பெற்றது.

இவ்விடத்தில் நின்று ஒரு கொடுமையைச் சொல்லியாக வேண்டும். அப்பந்தயம் நடந்தபோது உலகப்போர் தொடங்கிவிட்டது. நிறுவனம் நாட்சிகளின் வான்படைக்குப் பொறி செய்தது. அதற்காக வேற்று நாட்டினர், போர்க்கைதிகள், தாகாவ் வதைமுகாமின் கிளையான அல்லாக் முகாமில் அடைபட்டோர் எனப் பல்லாயிரவர் வலிந்து உழைக்க வைக்கப்பட்டனர். 2016இல் நூற்றாண்டு கொண்டாடியபோது நிறுவனம் இதற்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. ஒரு பெயரின் பெருமையை எழுதுவோர் இந்தப் பக்கத்தைத் தாண்டிச் செல்வது அறமாகாது. உந்துதண்டின் சமன்நிலையைத் துல்லியமாகக் கணிக்கத் தெரிந்த கைகளே அம்முகாம்களின் வேலை நேரத்தையும் கணக்கிட்டன. அறிவு தனியே நின்று எவரையும் மேன்மக்கள் ஆக்கிவிடவில்லை.

போருக்குப் பின் மியூனிக் தொழிற்சாலையின் இயந்திரங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன; ஐசனாக் சோவியத் பகுதிக்குள் போனது. எஞ்சியோர் சமையல் கலங்கள் செய்து பிழைத்தார்கள். ஐம்பதுகளில் நிறுவனம் இரு துருவங்களில் நின்றது. ஒருபுறம், 507 என்னும் பேரழகு வண்டி: 250க்குச் சற்று மேலாகவே செய்து, ஒவ்வொன்றிலும் பணத்தை இழந்தது. மறுபுறம், முன்கதவு வழியாக ஏறும் முட்டை வடிவ இசெட்டா: இத்தாலிய உரிமத்தில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் விற்றது. அதன் பொறிக்கு உருளை ஒன்றே! அரண்மனை வண்டி ஆளை முழுக்கியது, ஒற்றை உருளை வண்டி சோறு போட்டது. 1959 திசம்பர் 9 அன்று பங்குதாரர் கூட்டத்தில், போட்டி நிறுவனமான டைம்லர் பென்சிடம் ஒப்படைக்கும் தீர்மானம் வந்தது. சிறு பங்குதாரர்களும் விற்பனை முகவர்களும் தொழிலாளர் மன்றமும் எதிர்த்து அதை முறித்தனர். பின் ஹெர்பர்ட் குவாண்ட் பெரும் பணம் இட்டுக் காத்தார். 1961இல் வந்த 'புதிய வகுப்பு' வண்டிகளும், 1968இல் மீண்டும் பெரிய மகிழுந்தில் ஏறிய ஆறு உருளைப் பொறியும் நிறுவனத்தை நிமிர்த்தின.

அதன்பின் அரை நூற்றாண்டாக அந்த ஆறு உருளை வரிசையே அதன் முகவரி. மற்றவர்கள் தடுமாறிய காலமும் உண்டு. நீண்ட பொறிக்கு முன்பக்கத்தில் இடம் தேவை, விபத்தில் நசுங்க இடைவெளி தேவை என்று மெர்சிடிசு 1997இல் வரிசைப் பொறியை விட்டு, மூன்று மூன்றாகச் சாய்ந்து நிற்கும் வடிவத்துக்கு மாறியது. இருபதாண்டு கழித்து 2017இல் வரிசைப் பொறிக்கே திரும்பியது. 1948 முதல் 1992 வரை தன் புகழ்பெற்ற ஆறு உருளைப் பொறியை ஓட்டிய ஜாகுவாரும் இடையில் விட்டுவிட்டு, 2019இல் மீண்டும் வரிசையில் ஆறு நிறுத்தியது. மியூனிக் மட்டும் இடைவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இதைப் பிடிவாதம் என்பாரும் உண்டு. சமன்பாடு சரியாக இருக்கும்போது சந்தை கேட்கிறதே என்று மாற்றாமல் இருந்ததை நான் அறிவின் உறுதி என்றே கொள்கிறேன்.

புகழ் என்பது உண்மையோடு சேர்த்துக் கட்டுக்கதையையும் சுமக்கும். நீலமும் வெள்ளையும் மாறி மாறி வரும் அதன் வட்டச் சின்னம் சுழலும் வானூர்தி விசிறி என்று உலகமே நம்புகிறது. 1917இல் பதிவான அச்சின்னம் பவேரிய நாட்டுக் கொடியின் நிறங்களைத் தாங்கியது. விசிறிக் கதை 1929இல் வந்த ஒரு விளம்பரப் படத்தால் பரவியது. பெயருக்கே தனி விலையும் உண்டு என்பதற்கு இன்னொரு நிகழ்ச்சி: 1998இல் ரோல்ஸ் ராய்ஸ் மகிழுந்துத் தொழிற்சாலையை வோக்ஸ்வேகன் 43 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. பெயரைப் பயன்படுத்தும் உரிமையோ வானூர்திப் பொறி செய்யும் வேறொரு நிறுவனத்திடம் இருந்தது, பி.எம்.டபிள்யூ அதை 4 கோடி பவுண்டுக்குப் பெற்றது. கட்டடமும் இயந்திரமும் ஒருவர் கையில், பெயர் மற்றொருவர் கையில். 2003 முதல் ரோல்ஸ் ராய்ஸ் வண்டிகள் குட்வுட்டில் மியூனிக்கின் உடைமையாகவே உருவாகின்றன. பெயர் பின்னரும் கறைபடும். டீசல் புகையைத் தூய்மைசெய்யும் நுட்பத்தில் போட்டியிடாமல் இருக்கத் தமக்குள் உடன்பட்டதற்காக 2021இல் ஐரோப்பிய ஆணையம் செருமானிய நிறுவனங்களுக்குத் தண்டம் விதித்தபோது, பி.எம்.டபிள்யூவின் பங்கு 37 கோடி யூரோவுக்கு மேல்.

தமிழ் மண்ணுக்கு வருவோம். 2007 மார்ச்சு 29 அன்று, பெருவழிச்சாலையை ஒட்டிய மகிந்திரா உலக நகரில் பி.எம்.டபிள்யூவின் சென்னைத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. தா.பழூரை உள்ளடக்கிய அரியலூர் தனி மாவட்டமாக மீண்டும் அமைந்ததும் அதே ஆண்டின் நவம்பரில்தான். செயங்கொண்டம், உடையார்பாளையம், தா.பழூர் பக்கத்திலிருந்து தொழிற்பயிற்சி நிலையப் படிப்பை முடித்த இளைஞர்கள் ஒரகடம், மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோயில் என்று மகிழுந்து வட்டாரத்துக்கு மூட்டை கட்டிப் போகும் வழக்கம் இந்த ஆண்டுகளில் வேரூன்றியது. பொங்கலுக்கு ஊர் திரும்புவோர் கைப்பேசியில் காட்டும் படங்களில் அந்தக் கொட்டகைகளைக் காணலாம்.

உள்ளே நடப்பது என்ன? வண்டி அங்கே முதலிலிருந்து பிறப்பதில்லை. உறுப்புகளின் ஒரு பெரும் பகுதி கடல் கடந்து பெட்டிகளில் வருகிறது, இங்கே பூட்டப்படுகிறது. இந்தியச் சுங்க விதி, ஒன்றுசேர்த்த பொறியும் பல்லிணைப் பெட்டியும் முழுதாக வந்தால் மிகுந்த வரியும், பிரித்த உறுப்புகளாக வந்தால் குறைந்த வரியும் இட்டது. அதனால் 2015இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் நிறுவனம் சென்னை அருகே பி.எம்.டபிள்யூ பொறிகளைப் பூட்டித் தரத் தொடங்கியது. அச்சு, கதவுப் பலகம், கம்பிக்கட்டு, புகைக்குழாய், குளிர்விப்பி, இருக்கை என ஒவ்வொன்றுக்கும் இங்கேயே வழங்குநர் அமைந்தனர். உள்நாட்டு உறுப்புகள் நூற்றுக்கு ஐம்பதை எட்டிவிட்டதாக அவ்வாண்டே நிறுவனம் அறிவித்தது.

பூட்டும் வரிசையில் மனத்தைக் கவரும் கட்டம் ஒன்று உண்டு; தொழிலாளர் வழக்கில் அது 'மேரேஜ்'. கீழே தள்ளுமேடையில் பொறி, பல்லிணைப் பெட்டி, அச்சுகள், புகைக்குழாய் ஆகியவை ஒன்றாகக் கோக்கப்பட்டுக் காத்திருக்கும். மேலே தொங்கும் உடற்கூடு மெல்ல இறங்கும். மில்லிமீட்டர் பிசகாமல் துளையும் ஆணியும் பொருந்த வேண்டும். பொருந்தியபின் ஒவ்வோர் ஆணியையும் மின்முறுக்கி குறித்த அளவுக்கு முறுக்கும். அந்த அளவு வண்டியின் எண்ணோடு கணினியில் பதிவாகும். எந்த ஆணி எவ்வளவு முறுக்கப்பட்டது என்பதை ஆண்டுகள் கழித்தும் தேடி எடுக்கலாம். பெரும்பெயர் என்பது அன்றாடத்தில் இவ்வளவு சிறிய பதிவுகளில் உயிர்வாழ்கிறது. பொறியை உடற்கூட்டோடு சேர்க்கும் தாங்கிகளும் இக்கட்டத்தில்தான் இறுகுகின்றன. இரப்பரும் நீர்மமும் கொண்ட அத்தாங்கிகள், எஞ்சிய நடுக்கத்தைப் பயணியிடம் செல்லவிடாமல் விழுங்கும்.

இங்கே பூட்டப்படும் வண்டிகளுள் பல, ஆறு அல்ல, நான்கு உருளைப் பொறி கொண்டவை. எரிபொருள் சிக்கனமும் புகைக் கட்டுப்பாடும் உருளைகளைக் குறைக்கச் சொல்கின்றன. அப்படியானால் மேலே கணக்கிட்ட அந்த ஒரு டன் எச்சம் எங்கே போனது? ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் என்னும் ஆங்கிலேயர் முன்னமே காட்டிய வழி அதற்கு உண்டு. பொறியின் அடியில் இரண்டு துணைத்தண்டுகளை எதிரெதிர்த் திசைகளில், இருமடங்கு வேகத்தில் சுழலவிட வேண்டும். ஒருபக்கம் கனத்த அத்தண்டுகள் தம் உலுக்கலால் உந்துதண்டுகளின் உலுக்கலைச் சரிக்கட்டும். வடிவத்தால் வந்த அமைதி ஒன்று, எதிர்வினையால் வந்த அமைதி மற்றொன்று. பயணிக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் முதலாவதன் எளிமைக்கு ஈடில்லை என்பதை இரண்டையும் பிரித்துப் பார்த்தவர் உணர்வர்.

அப்படிப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு நம் மாணவர்க்கும் கிட்டியது. 2018இல் நிறுவனம் இந்தியத் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் 365 பொறிகளையும் பல்லிணைப் பெட்டிகளையும் விலையின்றி வழங்கும் திட்டத்தைச் சென்னையில் தொடங்கியது. இலட்சங்கள் விலைபெறும் வண்டியை வாங்க இயலாத வீட்டுப் பிள்ளை ஒருவன் அதன் வணரித்தண்டைக் கையில் ஏந்தி எடையை உணரலாம். தாங்கியின் வழவழப்பை நகத்தால் தடவிப் பார்க்கலாம். சொகுசு மகிழுந்து நம்மவர்க்குத் தந்தவற்றுள் இதனையே நான் மேலாக மதிக்கிறேன்.

அதிர்வின் கணக்கு பொறியோடு முடிவதில்லை. செங்குத்தாக ஆடும் அதிர்வில், நொடிக்கு நான்கு முதல் எட்டு வரையுள்ளதே மாந்தர் உடலை மிகவும் வருத்துவது. நம் உள்ளுறுப்புகள் ஒத்ததிரும் எல்லை அது. நல்ல மகிழுந்தின் விற்சுருள்கள் நொடிக்கு ஒன்று, ஒன்றரை என்னும் மெதுவான ஆட்டத்துக்கு ஒப்ப அமைக்கப்படுவது இதனால்தான். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடிக் குழித்த அரியலூர்ச் சாலைகளில் இந்த அறிவியலைப் புத்தகமின்றியே கற்கலாம். தாழ்ந்த அடிவயிறும் பட்டையான சக்கரமும் கொண்ட செருமானிய வண்டி அச்சாலைகளில் திணறும். இந்தியாவுக்கென அவ்வண்டிகளின் தரையிடைவெளியை உயர்த்தி அமைக்க நேர்ந்ததும் அதனால்தான்.

இப்போது காலம் திரும்பிக்கொண்டிருக்கிறது. மின்னோடியில் முன்பின் ஓடும் உறுப்பு எதுவும் இல்லை. சுழல்வது மட்டுமே உண்டு. உச்சியும் இல்லை, அடியும் இல்லை, எச்ச விசையும் இல்லை. கொள்ளிடக் கரை வயல்கள் இம்மாற்றத்தைப் பல்லாண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டன: ஆயில் என்ஜின் போய் மின்மோட்டார் வந்தது, நீர்மூழ்கி மோட்டார் ஆழ்துளைக்குள் இறங்கியபின் வயலில் ஓசையே அடங்கியது. பெருவிலை மகிழுந்து இன்றுதான் அவ்விடத்துக்கு வருகிறது. 2025 சனவரியில் இந்தியாவில் அறிமுகமான, சக்கர இடைவெளி நீட்டிய ஐ.எக்ஸ். 1 என்னும் மின்மகிழுந்து சென்னைத் தொழிற்சாலையிலேயே பூட்டப்படுகிறது. நூறாண்டுத் தவத்தால் மியூனிக் அடைந்த அமைதியை எந்த மின்வண்டியும் பிறக்கும்போதே பெற்றுவிடுகிறது. அப்பெயரின் முதல் மூலதனம் இதனால் கரைகிறது என்பதே என் கணிப்பு. இனிப் புகழ், மின்கலத்தின் ஆயுளிலும் கணினி நிரலின் பிழையின்மையிலும் தேடப்பட வேண்டியதாகிறது. அந்தக் களத்தில் பழைய நிறுவனங்களுக்கு முன்னுரிமை எதுவும் இல்லை.

நமக்கு அதில் இடம் உண்டா என்பதற்கு விடை சிங்கப்பெருமாள் கோயிலைக் காட்டிலும் ஒசூரில் தெளிவாகத் தெரிகிறது. 2013இல் டி.வி.எஸ். நிறுவனமும் பி.எம்.டபிள்யூவும் இருசக்கர வண்டிக்கு உடன்படிக்கை செய்துகொண்டன. 313 கன செண்டிமீட்டர் ஒற்றை உருளைப் பொறி கொண்ட ஜி 310 வண்டிகள் ஒசூரில் முழுமையாக உருவாகி, நீல வெள்ளைச் சின்னம் தாங்கி உலகின் பல நாடுகளுக்குச் சென்றன. பெட்டியில் வந்ததைப் பூட்டுவது ஒன்று. இங்கேயே உருவாக்கி அச்சின்னத்தின் பொறுப்பைத் தாங்குவது முற்றிலும் வேறொன்று. ஒற்றை உருளை என்பதால் உலுக்கல் இயற்கை. அதை அடக்க அப்பொறிக்குள் ஓர் எதிர்ச்சமன் தண்டு சுழல்கிறது. சி.இ. 02 என்னும் மின்வண்டியும் ஒசூரிலேயே பிறக்கிறது. 2025 நவம்பரில் மிலான் கண்காட்சியில் காட்டப்பட்ட எஃப் 450 ஜி.எஸ். வண்டிக்கு அடுத்தடுத்து நிற்கும் இரண்டு உருளைகள், 420 கன செண்டிமீட்டர். அதன் வணரித்தண்டின் வளைவுகளுக்கு இடையே பிரித்து வைத்திருக்கும் கோணம் 180ம் இல்லை, 360ம் இல்லை, 135 பாகை. எந்தக் கோணத்தில் நடுக்கம் குறையும் என்று மாக்ஸ் ஃபிரிட்ஸ் 1917இல் தாளில் போட்ட அதே வகைக் கணக்குத்தான் இது. அந்த வண்டி உருவாவதும் ஒசூர்த் தொழிற்சாலையில்தான்.